ஈரம் காயாத நோட்டு

நவம்பர் 10, ஞாயிறு: யீஷூன்

மதுரையில் சுங்குடிச் சேலைகளுக்கு டிசைன் வரைந்து கொடுப்பது என் தொழில். மயில், மாங்காய், யானை, தேர்ச்சக்கரம் எல்லாம் வரைந்து எனக்கு அலுத்துவிட்டது. கடைக்காரர்களுக்கு எனக்கு முன்பே அலுத்துவிட்டது. "கொஞ்ச நாள் இங்க வந்து இரு, மரம் செடியெல்லாம் பாரு, ஏதாவது தோணும்" என்று அக்கா சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சரி என்று வாட்டர்கலர் டப்பா, நோட்டுகள், பழைய கேமரா, ஒரு 70-300 லென்ஸ் சகிதம் வந்து இறங்கியாயிற்று.

டாக்சி வரும் வழியெல்லாம் தூங்குமூஞ்சி மரங்கள். நம் ஊர் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் அதே மரம்தான். இங்கே கையைக் காலை நீட்ட இடம் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். கிளைகள் சாலையின் அந்தப் பக்கம் வரை போகின்றன, ஒவ்வொரு கிளையிலும் பெரணி கொத்துக்கொத்தாகத் தொற்றிக்கொண்டிருக்கிறது. பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 1963இல் லீ குவான் யூ தொடங்கிவைத்த மரம் நடும் இயக்கத்தைப் பற்றி அத்தான் விளக்கிக்கொண்டே வந்தார். "இந்த ஊர்ல காடுன்னாலும் யாராச்சும் ஒரு ஆபீசர் கையெழுத்துப் போட்டிருப்பார்" என்று முடித்தார்.

முதல் தொல்லை கேமராவில் வந்தது. ஏசி அறையிலிருந்து எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்ததுமே லென்ஸ் முழுக்க ஆவி. துடைத்தால் மறுபடி படிகிறது. அத்தானின் நண்பர் ஒருவர் போனில் வைத்தியம் சொன்னார்: வெளியே எடுப்பதற்கு முன் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி, அரைமணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக விட வேண்டும். ஆவி பையின்மேல் படியும், கண்ணாடியில் படியாது. செய்து பார்த்தேன், சரியாக வந்தது.

நவம்பர் 12, செவ்வாய்: பூமலை

நேற்று முழுக்க மழை. இன்று விடியுமுன் எழுப்பிவிட்டது குயில். பன்னிரண்டாவது மாடிக்கு அது கத்துவது காதுக்குள் கத்துவதுபோல் கேட்கிறது. அக்கம்பக்கத்தில் சிலர் இதைப் பற்றிப் புகார் கொடுக்கிறார்களாம். நம் கவிஞர்கள் கேட்டால் நொந்துபோவார்கள். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்புதான் சூரியன் வருகிறது. வந்த வேகத்தில் மேலே ஏறிவிடுகிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர் என்பதால் சாய்வான மஞ்சள் வெயில் நின்று விளையாடுவதில்லை. எட்டரைக்கெல்லாம் நிழல் சுருங்கத் தொடங்கிக் கறுத்துவிடுகிறது. படம் எடுப்பவர்கள் சோம்பேறியாக இருக்க முடியாத ஊர்.

தாவரவியல் தோட்டத்துக்கு இங்கே தமிழில் பூமலை என்று பெயர். 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே போகக் காசு கிடையாது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் 15 வெள்ளி, நம் பணத்தில் 900 ரூபாய்க்கு மேல். அக்கா "ஊர்ல இருந்து வந்துட்டு அதைப் பாக்காம போவியா" என்று கையில் திணித்துவிட்டாள்.

ஆர்க்கிட்களைப் பற்றி என் அபிப்பிராயம் யாருக்கும் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். அத்தனையும் அழகு. ஆனால் நான் செய்ய அதில் வேலை ஒன்றும் மிச்சமில்லை. ஒவ்வொரு பூவும் ஏற்கெனவே யாரோ வரைந்து முடித்த ஓவியம்போல நிற்கிறது. ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணி வளர்த்து, 1893இல் உலகுக்குத் தெரியவந்து, 1981இல் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் மட்டும் கொஞ்சம் ஒல்லியாக, வீட்டுச் செடிபோல இருந்தது. அதன் முன் சற்று நேரம் உட்கார்ந்தேன். மற்றவற்றை எல்லாரும் எடுக்கிற படங்களாகவே எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஐந்து வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் தெம்புசு மரத்தடியில் நோட்டைத் தூக்கிப் பிடித்து மரத்தோடு பொருத்திப் பார்க்கும் கூட்டம். அங்கிருந்து கொஞ்சம் தள்ளித்தான் வேலிச்செடி வெட்டிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தேன். தலையில் தொப்பி, தொப்பிக்கு மேல் துண்டு, முகத்துக்கு முன் வலை. நான் ஒரு நாட்டுவாதுமை இலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி சிவப்பு, பாதி பச்சை, பூச்சி தின்ற ஓட்டைகள் வரிசையாக. மிஷினை அணைத்துவிட்டு, "ஊர்ல இருந்து வர்றீங்களாக்கா?" என்றார். பட்டுக்கோட்டைப் பக்கம். வந்து சில வருடம் ஆகிறது.

"இந்த மாதிரி இலை பாக்கணும்னா இந்த நேரத்துக்கு வரக் கூடாதுக்கா. நாங்க கூட்டி அள்ளிடுவோம். ஏழு மணிக்கு வந்தீங்கன்னா ராத்திரி விழுந்தது அப்படியே கிடக்கும்."

எந்த வழிகாட்டிப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லவில்லை. ஊர் ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. உதிர்ந்ததெல்லாம் எட்டு மணிக்குள் மறைந்துவிடுகிறது. அவர் மூட்டை கட்டி வைத்திருந்த குப்பையை அவிழ்த்துக் காட்டினார். சருகுகளில் சிவப்பு, காப்பிக்கொட்டை நிறம், புழு ஊர்ந்த வெள்ளைக் கோடுகள். முசுறு எறும்பு நூல் சுற்றி மடித்த இலை ஒன்று, கூடு காலியாக. எதையும் எடுத்துப் போகக் கூடாது என்பது விதி. அங்கேயே புல்லில் உட்கார்ந்து வரைந்தேன். போகும்போது அவரைப் படம் எடுத்தேன், மரத்தோடு ஒன்று, வேலியோடு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் வருவேன், பிரிண்ட் கொடுங்கள் என்று நம்பர் கொடுத்தார்.

மதியம் தோட்டத்தின் கேலப் (Gallop) பகுதியில் இருக்கும் தாவர ஓவியக் கூடம். பழைய பங்களா, நல்ல காற்று. நூறு வருடத்துக்கு முன் ஹென்றி ரிட்லி இந்தத் தோட்டத்தை நடத்தியபோது இலங்கையிலிருந்து வந்த டி ஆல்விஸ் குடும்பத்து ஓவியர்கள் இங்கே வேலை பார்த்தார்கள். செடியை அழுத்திக் காயவைத்தால் வடிவம் நிற்கும், நிறம் போய்விடும். பூவின் உண்மையான சிவப்பு எது என்று பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்ல ஓவியர் வேண்டியிருந்தது. செடி வாடுவதற்குள் வரைந்தாக வேண்டும். ஏசிக்காக உள்ளே வந்த ஒரு குடும்பம் என் பின்னால் நின்று "இது போட்டோவா, பெயின்டிங்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஓவியர்கள் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

நவம்பர் 13, புதன்: மெக்ரிட்சி

மர உச்சிகளுக்கு நடுவே போகும் தொங்குபாலத்தில் நடக்கலாம் என்று கிளம்பினேன். 250 மீட்டர் நீளம், ஆழமான இடத்தில் காட்டின் தரையிலிருந்து 25 மீட்டர் உயரம், 2004இல் திறந்தது. பாலம் வரை நடந்தேதான் போக வேண்டும். போக வர பத்து கிலோமீட்டர் பக்கம் ஆகிறது. வேர்வை வழிந்து கண்ணாடி வழுக்கி, கால் கெஞ்சி, பாலத்துக்கு வெகு அருகில் வந்தபோது இடி. இடி என்றால் பாலத்தை மூடிவிடுவார்கள். மூடிவிட்டார்கள்.

ஒரு கூரைக்கடியில் பதினைந்து பேர் ஒதுங்கினோம். அதில் நாலைந்து பேர் ஓய்வுபெற்ற சீனப் பெரியவர்கள். காட்டு நிறச் சட்டை, என் ஆறுமாத வருமானத்துக்கு மேல் விலை போகும் லென்ஸ்கள், அதற்கு மழைக்கோட்டு வேறு. ஒருவர் என் கையில் கொசுக்கடித் தடிப்பைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், மருந்துப் புட்டியை எடுத்து என் பக்கம் தள்ளினார். நன்றி சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். இங்கே அன்பு பெரும்பாலும் இந்த மாதிரிதான் வருகிறது, சத்தமில்லாமல், கொஞ்சம் சிடுசிடுப்போடு.

மழை குறைந்ததும் அவரே கையைக் காட்டி எதிர் மரத்தைப் பார்க்கச் சொன்னார். பட்டை தெரிந்தது. இன்னும் மேலே என்றார். பட்டைதான் தெரிந்தது. தன் கேமராத் திரையில் எடுத்துக் காட்டிய பிறகுதான் பிடிபட்டது: மரத்தை அணைத்தபடி ஒரு கொலுகோ. தோலை விரித்து மரம் விட்டு மரம் மிதந்து போகும் பிராணி, பகலில் இப்படி ஒட்டிக்கொண்டு தூங்கும். சாம்பல் நிற ரோமத்தில் பாசி பூத்ததுபோல வெள்ளைத் திட்டுகள். எங்கே பட்டை முடிகிறது, எங்கே விலங்கு தொடங்குகிறது என்று கோடு போட முடியவில்லை. நோட்டை எடுத்துச் சாம்பல் நிறத்தை வைத்தேன். காற்றில் இருந்த ஈரத்துக்கு அது நிற்காமல் பரவிக்கொண்டே போனது. அதன்மேல் வெள்ளைக்கு இடம் விட்டுத் தொட்டேன். அதுவும் ஓரத்தில் கரைந்தது. மதுரை வெயிலில் வைத்த நொடியில் காய்ந்து, வெட்டியதுபோல விளிம்பு விழும் என் கைக்கு இது புதுசு. மரமும் பிராணியும் ஒன்றாகிக் கிடப்பதை நான் வரையவில்லை, காகிதமே செய்துகொண்டது.

பக்கத்து புக்கிட் தீமாவில் 1854இல் இயற்கையியலாளர் ஆல்ஃபிரெட் ரஸல் வாலஸ் வண்டு பிடித்த கதை நினைவுக்கு வந்தது. இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட 700 வகை. நின்ற மரங்களைவிட, மரம் வெட்டும் சீனத் தொழிலாளிகள் சாய்த்துப் போட்டிருந்த மரங்களும், காய்ந்த பட்டையும், மரத்தூளும்தான் அவருக்கு அள்ளிக் கொடுத்தன. குப்பை மூட்டையை அவிழ்த்துக் காட்டிய பட்டுக்கோட்டைத் தம்பியை வாலஸுக்குப் பிடித்திருக்கும்.

திரும்பும் வழியில் 1 வெள்ளி 80 காசுக்கு வாங்கிய கறி பஃப்பை ஒரு குரங்கு பையோடு பிடுங்கிக்கொண்டு போனது. பை சரசரத்தால் சாப்பாடு என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே இருந்த டிஷ்யூ பாக்கெட்டை மட்டும் மேலிருந்து போட்டது.

நவம்பர் 14, வியாழன்: வீடு

கால் வீங்கிவிட்டது. நேற்று வரைந்த தாள்கள் இன்று மத்தியானமும் ஈரமாக இருக்கின்றன. மின்விசிறிக்கடியில் பரப்பி, மூலையில் அக்காவின் பருப்பு டப்பாக்களை வைத்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணிகளும் இதே நிலைமையில்தான்.

அக்கா மகள் நூலகத்திலிருந்து எனக்காக ஒரு பெரிய புத்தகம் தூக்கி வந்திருந்தாள். வில்லியம் ஃபார்க்குவார் சேகரித்த இயற்கை ஓவியங்கள் அச்சிட்டது. பிறகு சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட், அதாவது பிரிட்டிஷ் நிர்வாகி, ஆனவர். அதற்கு முன் மலாக்காவில் இருந்த காலத்தில், 1803க்கும் 1818க்கும் இடையில், உள்ளூர் செடி, பழம், பறவை, விலங்கு, மீன் எல்லாவற்றையும் வரையச் சொன்னார். மொத்தம் 477 படங்கள். இப்போது தேசிய அரும்பொருளகத்தில் இருக்கின்றன. வரைந்தவர்கள் சீன ஓவியர்கள் என்பதோடு சரி, பெயர் இல்லை.

அதைப் புரட்டிக்கொண்டு பகல் முழுக்கப் படுத்திருந்தேன். வெள்ளைக்காரர் கேட்டது அறிவியல் படம்: இத்தனை இதழ், இத்தனை நரம்பு. ஓவியர்கள் அதைக் கொடுத்துவிட்டு, பறவை உட்கார்ந்திருக்கும் பாறையையும் கிளையையும் தங்கள் ஊர்ப் பாணியில் போட்டிருக்கிறார்கள். பறவை ஃபார்க்குவாருக்கு, பாறை தங்களுக்கு. கூலிக்கு வரைகிற எனக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரிந்தது. சேலை உடம்பு கடைக்காரர் சொன்னபடி, முந்தானையில் ஒரு மூலை என் இஷ்டப்படி.

ராத்திரி அக்கா ரசம் வைத்தாள். கால் வீக்கத்துக்கு மிளகு நல்லது என்றாள். நம்புகிறேனோ இல்லையோ, மூன்று தடவை ஊற்றிச் சாப்பிட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி: சுங்கை பூலோ

ஒரு காலத்தில் இறால் பண்ணைகள் இருந்த இடம். 1986இல் பறவை பார்ப்பவர்கள் சிலர் இங்கே வலசைப் பறவைகள் கூடுவதைக் கவனித்துச் சொல்ல, 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள், 2002இல் பாதுகாக்கப்பட்ட சதுப்புநிலம். இப்போது சைபீரியப் பக்கமிருந்து வரும் பறவைகள் இறங்கும் காலம். கோடியக்கரையில் பார்த்துப் பழகிய பவளக்காலிகள் இங்கேயும் ஒற்றைக்காலில் வரிசையாக நின்றன. தெரிந்தவர்களை வெளியூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்த சந்தோஷம். ஜலசந்திக்கு அந்தப் பக்கம் ஜோகூரின் உயரக் கட்டடங்கள். போன் ஒரு நிமிடம் "மலேசியாவுக்கு நல்வரவு" என்று சொல்லி ரோமிங் காசு பிடிக்கப் பார்த்தது.

பாலத்தில் இருந்து எட்டிப் பார்த்தால் முதலை. உவர்நீர் முதலை, அசையவே இல்லை. ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் அது பொம்மை என்று முடிவு கட்டி நகர்ந்தது. அப்புறம் அது கண்ணை மூடித் திறந்தது. அதற்காக இன்னும் முக்கால் மணி நேரம் நின்றவள் நான்தான்.

ஆனால் இன்று வேலை நடந்தது பறவையிலும் இல்லை, முதலையிலும் இல்லை, சேற்றில். தண்ணீர் வடிந்த கால்வாயின் இருபுறமும் ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறம்போல மினுங்கும் சேறு. அதில் சேற்றில் தத்தும் மீன்கள் துடுப்பை ஊன்றி இழுத்துப் போன தடம்: நடுவில் வாலின் ஒரு கோடு, இருபுறமும் மாற்றி மாற்றிப் புள்ளிகள். அதன்மேல் பவளக்காலியின் மூன்று விரல் அச்சு. அதையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு உடும்பு போயிருக்கிறது. ஓரத்தில் மண்ணுக்கடியில் வாழும் ஒரு வகை இறால் இரவெல்லாம் சேற்றைத் தள்ளித் தள்ளி எழுப்பிய மேடுகள், சில என் முழங்காலுக்கு மேல்.

வானம் மூடியிருந்தது நல்லதாகப் போயிற்று. வெயில் இருந்தால் சேறு வெறும் கண்ணாடி. மேக வெளிச்சத்தில் ஒவ்வொரு தடத்துக்கும் மெல்லிய நிழல் விழுந்தது. லென்ஸில் மாட்டிய வடிகட்டிக் கண்ணாடியைத் திருப்பி மினுமினுப்பைப் பாதியாகக் குறைத்தேன். முழுதாக எடுத்தால் சேறு செத்துவிடுகிறது. வலப்பக்கத்துக் கைப்பிடியில் கேமராவை அழுத்திக்கொண்டு நிறைய எடுத்தேன். பின்னால் வந்த ஒரு தாத்தா நான் எடுக்கும் திசையில் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்று தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனார்.

சாயங்காலம் கேலாங் சிவன் கோயிலில் அன்னாபிஷேகம். ஐப்பசிப் பௌர்ணமி. நல்ல கூட்டம். வரிசையில் யாரும் இடிக்கவில்லை, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நின்றார்கள். ஊர்க் கோயில் வரிசைக்குப் பழகிய எனக்கு அந்த இடைவெளியில் யாராவது நுழைந்துவிடுவார்களோ என்று கடைசி வரை பதற்றம்.

நவம்பர் 16, சனி: புலாவ் உபின், சாங்கி

சாங்கியிலிருந்து கட்டைப்படகு. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும், ஆளுக்கு 4 வெள்ளி, ரொக்கமாக. பதினோரு பேர் சேர்ந்து கால்மணி நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஓடி வந்த பன்னிரண்டாவது ஆளுக்குக் கைதட்டல்.

உபின் தீவில் ஒரு காலத்தில் கருங்கல் குவாரிகள். ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் ஜோகூர் தரைப்பாலத்துக்கும் இங்கிருந்துதான் கல் போனது. இப்போது குவாரிகளில் தண்ணீர் நிற்கிறது, நாரைகள் அடைகின்றன. 10 வெள்ளிக்குச் சைக்கிள் வாடகைக்கு எடுத்தேன். பிரேக் இருந்தது, அதைத் தவிர நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கொடுத்த அம்மா சீட்டை உயர்த்திக் கட்டிவிட்டு, "மெதுவா போ, மேடு இருக்கு" என்று மலாய், ஆங்கிலம், கைச்சாடை மூன்றிலும் சொன்னார்.

தீவின் கிழக்குக் கோடியில் இருக்கும் செக் ஜாவா சதுப்புக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடல் ததும்பி நின்றது. நேற்றுப் பௌர்ணமி அல்லவா, ஏற்றமும் பெரிசு, இறக்கமும் பெரிசு. கடற்புல், நட்சத்திர மீன், நண்டு என்று எதற்காக வந்தேனோ அது அத்தனையும் ஆள் ஆழத்துக்குக் கீழே. இந்த இடத்தை மண் போட்டுத் தூர்க்கத்தான் இருந்தார்கள். மக்கள் வந்து பார்த்து, படம் எடுத்து, எழுதிக் கேட்டு, 2001 கடைசியில் அந்தத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. படங்களுக்கு அதில் பங்கு உண்டு என்பது எனக்குப் பிடித்த செய்தி. நடைபாதையில் இருந்து தண்ணீரைப் பார்த்தேன். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.

திரும்பும்போது தலைக்கு மேல் ரயில் என்ஜின் மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். இருவாச்சி ஜோடி, அத்தி மரத்தில். இந்தப் பறவைகளுக்கு இங்கே மரப்பொந்து போதாமல், செயற்கைக் கூண்டுப் பெட்டி வைத்துப் பெருக்கியிருக்கிறார்கள். பெட்டை பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு கீறல் இடுக்கு வழியாக ஆண் சோறு ஊட்டும். பழத்தை அலகு நுனியில் பிடித்து மேலே எறிந்து தொண்டைக்குள் விழச்செய்வதை எடுக்கப் பார்த்தேன். அலகு மட்டும் கிடைத்தது, பழம் மட்டும் கிடைத்தது, இரண்டும் சேர்ந்து கிடைக்கவில்லை. இளநீர் குடித்துவிட்டுப் படகு ஏறினேன்.

சாங்கி உணவங்காடியில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, 4 வெள்ளி 50 காசு. காலி மேசையில் உட்காரப் போனால் அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட். இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தம். நம் பஸ் ஜன்னல் துண்டு இங்கே இந்த உருவத்தில் இருக்கிறது. பாக்கெட்டுக்காரர் வந்து, தனியாக நின்ற என்னையும் உட்காரச் சொன்னார். சாப்பிட்டு எழுந்ததும் தட்டை நானே கொண்டுபோய் வைக்கிறேனா என்று பக்கத்து மேசைப் பாட்டி கண்காணித்தார். வைத்தேன்.

ஐந்து மணிக்கு மேல் கடற்கரைக்கு நடந்தேன். காலையில் செக் ஜாவாவை மூடியிருந்த கடல் இப்போது வெகுதூரம் உள்ளே போயிருந்தது. ஈர மணலில் எதையோ மிதித்தோம் என்று காலைத் தூக்கிப் பார்த்தேன்.

மணல் உருண்டைகள். ஒவ்வொன்றும் மிளகை விடச் சிறிசு, சில கடுகளவு. நடுவில் ஒரு துளை, பென்சில் நுழையும் அளவு. துளையிலிருந்து நாலாபக்கமும் கோடு கோடாக உருண்டைகள் விரிந்திருந்தன. ஒரு கோடு மட்டும் காலி, பாதைபோல. தலையைத் தூக்கிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய கரை முழுக்க இதே. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

படுத்தேன். முழங்கையில் மணல், சட்டை முழுக்க ஈரம், பரவாயில்லை. ஐந்து நிமிடம் அசையாமல் இருந்ததும் துளையில் ஒரு அசைவு. சுண்டுவிரல் நகத்தளவு நண்டு, மணல் நிறத்திலேயே. வெளியே வந்து இரண்டு கொடுக்காலும் மாற்றி மாற்றி மணலை வாரி வாயில் போட்டது. வாயில் மணல் சலிக்கிறது, தின்னக்கூடியது உள்ளே போகிறது, மீதி வாய்க்கு மேலே உருண்டையாகத் திரள்கிறது. திரண்டதும் ஒரு கொடுக்கால் வெட்டி எடுத்துப் பின்னால் தள்ளிவிட்டு ஒரு அடி முன்னே போகிறது. நண்டின் ஒரு அடி. துளையிலிருந்து வெளிப்பக்கமாக நேர்கோட்டில் தின்றுகொண்டே போய், திரும்பி வந்து, கொஞ்சம் தள்ளி அடுத்த கோடு. அந்தக் காலிப் பாதை எதற்கென்று கண்டுபிடிக்க நான் தும்ம வேண்டியிருந்தது. தும்மியதும் அந்த வழியாகத்தான் துளைக்குள் பாய்ந்தது.

சுங்குடியில் நாங்கள் செய்வதும் புள்ளிதான். துணியில் கிள்ளி நூல் கட்டி, சாயத்தில் முக்கி அவிழ்த்தால் கட்டின இடம் வெள்ளைப் புள்ளி. அளவாக, கட்டத்துக்குள், வரிசை தப்பாமல். நண்டு வரிசை தப்புகிறது. துளைக்குப் பக்கத்தில் சின்ன உருண்டை, தள்ளிப் போகப் போகப் பெரிசு. அவசரத்தில் செய்தது கோணல். இரண்டு நண்டுகளின் எல்லை முட்டும் இடத்தில் கோடுகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு வளைகின்றன. அந்த வளைவை நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் வந்திருக்காது.

சூரியன் இறங்கும் கொஞ்ச நேரம்தான் இங்கே சாய்வெயில். அந்த நேரத்துக்கு ஒவ்வொரு உருண்டைக்கும் தன்னைவிட நீளமான நிழல் கிடைத்தது. கேமராவை மணலை ஒட்டி வைத்துச் சில, நின்றபடி நேர்மேலிருந்து பல. டிசைனுக்கு நேர்மேலிருந்து எடுத்ததுதான் உதவும், மற்றவை அழகுக்கு. ஓடும் பயிற்சியில் இருந்த ஒரு பெண், படுத்துக் கிடந்த என்னைப் பார்த்து மயக்கமோ என்று ஓடி வந்தாள். நண்டைக் காட்டினேன். சின்ன வயதிலிருந்து இந்தக் கரையில் ஓடுகிறாளாம், மிதித்துக்கொண்டே ஓடியிருக்கிறாள். அதன் பிறகு ஈர மணலை விட்டு மேலே ஏறி ஓடினாள்.

ஏழரைக்கு இருட்டிவிட்டது. தண்ணீர் திரும்பி வர ஆரம்பித்தது.

நவம்பர் 17, ஞாயிறு: தேக்கா

காலையில் பிராஸ் பசாவில் காகிதம் வாங்கினேன். நல்ல பருத்திக் காகிதம், தாள் ஒன்றுக்கு நான் மதுரையில் வாங்கும் விலையைவிடக் குறைவு, ஏன் என்று தெரியவில்லை. கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டேன். பக்கத்திலேயே பிரிண்டும் போட்டாயிற்று.

தேக்காவில் ஞாயிறு மாலை எப்படி இருக்கும் என்று அக்கா எச்சரித்திருந்தாள். மாட்டுத்தாவணி தீபாவளிக் கூட்டம் மாதிரி. ஊர் ஊராகப் பிரிந்து நிற்கிறார்கள்: இந்தத் தூணடி அறந்தாங்கி, அந்தப் புல்தரை மன்னார்குடி. பட்டுக்கோட்டைத் தம்பி நாலு நண்பர்களோடு காத்திருந்தார். தொப்பியும் வலையும் இல்லாமல் அடையாளமே தெரியவில்லை. எண்ணெய் வைத்து வாரிய தலை, இஸ்திரிச் சட்டை. தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய டீ, வாங்கிக் கொடுத்தார், 1 வெள்ளி 60 காசு. நான் காசு எடுத்ததற்குக் கோபப்பட்டார்.

நான் பெருமையோடு மேலே வைத்திருந்தது மரத்தடிப் படம்: பின்னால் தூங்குமூஞ்சியின் கிளைகள், இலைகளின் ஊடே வெளிச்சம், ஓரத்தில் அவர். அதை ஒதுக்கிவிட்டு வேலியோடு எடுத்ததைக் கையில் எடுத்தார். எனக்குப் பிடிக்காத படம், பின்னணி தட்டையான பச்சை.

"இதுதாங்கக்கா. இந்த வேலி நான் வெட்டினது. எவ்ளோ நேரா இருக்கு பாருங்க."

உண்மைதான், நூல் பிடித்ததுபோல நேர். நண்பர்களும் வாங்கி வாங்கிப் பார்த்து ஆமாம் என்றார்கள். நண்டுப் படங்களையும் காட்டினேன். "சின்ன வயசுல இதை மிதிச்சு விளையாடுவோம்" என்றார் ஒருவர். அதிராம்பட்டினத்துக்காரர். அதற்கு மேல் அவர்களுக்கு நண்டில் ஆர்வம் இல்லை. "அக்கா, எங்களையும் ஒரு போட்டோ? பின்னாடி மரம் தெரியிற மாதிரி. வீட்டுல எப்பவும் ரூமுக்குள்ள எடுத்ததையே அனுப்புறேன்னு திட்டுறாங்க."

ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் புல்தரையில் நின்று எடுத்தோம். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, அவசரப்படுத்தினேன். ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் போட வேண்டியிருந்தது, ஒருவர் பேனாவை வெளியே தெரிகிற மாதிரி குத்திக்கொண்டார். பார்த்துவிட்டு மன்னார்குடிக்காரர்கள் வந்து நின்றார்கள். பிறகு யாரென்றே தெரியாத ஒரு பெரியவர். எல்லாருடைய நம்பரையும் நண்டு வரைந்த பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி முடிக்க இரவு பதினொன்று ஆகிவிட்டது.